பதினான்கு நாள் யாத்திரையும் தேசவிரதமும்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தருளிய பன்னிரு விரதங்களுள், இந்நாளில் பெரிதும் மறக்கப்பட்டவை எவை என வினவின், திசைவிரதமும் தேசவிரதமுமே என விடை கூறல் வேண்டும். கொல்லாமையையும் பொய்யாமையையும் நம் குழந்தைகளும் அறிவர். இரவுணவு நீக்குதல் இன்றும் பல இல்லங்களில் வழக்கில் உள்ளது. ஆனால், "இத்திசையில் இவ்வளவு தூரமே செல்வேன்" என ஒருவர் எல்லை கட்டிக்கொள்வது எதற்காக என்று கேட்போரே மிகுதி. பேருந்தும் தொடர்வண்டியும் வானூர்தியும் மலிந்துவிட்ட காலத்தில் அவ்விரதத்திற்கு இடமேது என்பது அவர்தம் எண்ணம். நமக்கோ, இரண்டு வார யாத்திரை ஒன்றைத் திட்டமிட அமரும்போதுதான் அவ்விரதத்தின் தேவை தெளிவாகப் புலப்படுகிறது.

திசைவிரதம் வாழ்நாள் முழுமைக்கும் உரிய எல்லை. அவ்வெல்லைக்குள் மேலும் சுருக்கி, குறித்த காலத்துக்கென மேற்கொள்வது தேசவிரதம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரண்டையும் ஒருசேர வைத்துக் கூறினார். சமந்தபத்திர ஆசாரியரோ இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பின்னதைத் தேசாவகாசிகம் என்னும் பெயரால் சிக்ஷாவிரதங்களுள் சேர்த்தார். அவ்வெல்லைக்குரிய காலங்களை அவர் எண்ணிக் காட்டும்போது ஆண்டு, பருவம், அயனம், திங்கள், நான்கு திங்கள் ஆகியவற்றோடு பக்ஷத்தையும் கூறுகிறார். பக்ஷமாவது ஏறத்தாழ நாம் இன்று இரண்டு வாரம் எனக் கூறும் கால அளவேயன்றோ? ஆகவே பதினான்கு நாள் பயணம் நம் நூல்களுக்குப் புதியதன்று. அதற்குரிய அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது.

வந்தவாசிப் பகுதியில் வாழும் நம் உறவினர் குடும்பத்தார் எழுவர், மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றங்களைத் தரிசிக்க விரும்பி, ஒரு திட்டம் வகுத்து நமக்கு அனுப்பியிருந்தனர். நாம் மாட்டுத்தாவணியில் வசிப்பதால் எல்லாப் பயணமும் இங்கிருந்தே தொடங்கும் என்பது ஏற்பாடு. (தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிறு, மாடுகள் விலைபோகும் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. 1999இல் பேருந்து நிலையம் வந்தபின் இவ்விடம் கயிற்றை மறந்து ஓட்டத்திற்கே பெயர் பெற்றுவிட்டது.) அத்திட்டத்தில் முப்பத்தோர் இடங்கள் இருந்தன. யானைமலை, சமணர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், விக்கிரமங்கலம் எனத் தொடங்கி, வடக்கே சித்தன்னவாசல், தெற்கே கழுகுமலை, மேற்கே ஐவர்மலை, குமரி மாவட்டத்துச் சிதறால் வரை நீண்டது. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. இரவு பத்து மணிக்குத் தங்குமிடம். நடுவே ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை.

இது தவறா என்பதே வினா. இவை கேளிக்கைத் தலங்கள் அல்லவே. முனிவர் உறைந்த இடங்கள். எண்பதை நெருங்கும் நம் அண்ணியார், "புண்ணியத்துக்கு ஓர் எல்லை உண்டா? இனி ஒருமுறை வரப் போகிறேனா?" என்று கேட்டார். எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று இது. எனினும் விரதம் எல்லை கட்டுவது புண்ணியத்துக்கு அன்று, நம்மால் பிற உயிர்க்கு விளையும் துன்பத்துக்கு. எல்லைக்கு அப்பாலுள்ள இடங்களைப் பொறுத்தவரை இல்லறத்தாரும் மகாவிரதியை ஒத்தவராகிறார் என ஆசாரியர் கூறுவது இதனாற்றான். நாம் செல்லாத சாலையில் நம்மால் ஓர் எறும்பும் மிதிபடுவதில்லை.

இரவு பத்து மணி வரை வண்டி ஓடினால், விளக்கொளியை நாடி வந்து கண்ணாடியில் மோதி மடியும் பூச்சிகள் எத்தனை! அவற்றினும் முதன்மையாக எண்ணத்தக்கவர் ஓட்டுநர். மாலையில் உண்டு முடித்து நாம் இருக்கையில் கண்ணயர்வோம். அவரோ உறக்கத்தை அடக்கிக்கொண்டு, மறுநாள் நான்கு மணிக்கு மீண்டும் எழ வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நாம் சிறுவயதில் கற்றது. கூலி கொடுத்துவிட்டோம் என்பதால் செய்வித்தல் இல்லாமற் போவதில்லை. இதனை எழுதியபோது, திட்டம் வகுத்த கல்லூரி மாணவர், ஓட்டுநரின் உறக்கத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவே இல்லை என்று மறுமொழி எழுதினார். நல்ல பிள்ளை.

இனி, அக்குன்றங்கள் எத்தகையன என்பதையும் கருத வேண்டும். மாங்குளத்துக் குகைத்தளங்களில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினர் பெயரும் அங்குள்ளன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதுரையைச் சேர்ந்த பொன் வணிகரும், உப்பு வணிகரும், அறுவை வணிகரும், கொழு வணிகரும் காட்சி தருகின்றனர். அறுவை என்பது துணி. கொழு என்பது ஏரின் இரும்புமுனை. ஊர் ஊராகச் சென்று விற்றால்தான் உப்பு வணிகனுக்கு வாழ்வு. இன்னும் ஒரு காதம் சென்றால் இன்னும் சிறிது ஊதியம். திசைவிரதம் இத்தகையோரின் பேராசைக்கு இடப்பட்ட வேலியாகும். ஓயாது அலைந்த அவ்வணிகர்கள், மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தில் அமரும் துறவியர்க்குக் கற்படுக்கை வெட்டித் தந்தனர். அப்படுக்கைகளை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு அடுத்த மலைக்கு ஓடுவதற்கு, இங்கு வராமலே இருந்துவிடலாம்.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், ஹெர்பார்ட்டின் படிகளின்படி பாடக்குறிப்பு எழுதப் பழக்கினர். நாற்பது நிமிடப் பாடவேளைக்கு நூறு நிமிடச் செய்தியை அடைத்துக்கொண்டு போவது புதிய ஆசிரியர்களின் இயல்பு. எதைச் சொல்லாமல் விடுவது என முடிவு செய்தால்தான் குறிப்பு நிறைவுபெறும். அந்தப் பழக்கத்தோடுதான் முப்பத்தோர் இடங்களையும் நாம் அணுகினோம்.

கழுகுமலையை விடுவதற்கு மனம் இடந்தரவில்லை. அங்கே வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட திருவுருவங்களின்கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அவர்களுள் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் பலர். திருச்சாரணத்துக் குரத்தியார் என்னும் பெயரும் அங்கு உண்டு. திருச்சாரணம் என்பது சிதறால் மலையே. பெண்மக்கள் கற்பித்தும் துறவு பூண்டும் வாழ்ந்த செய்தியை வந்தவாசிப் பெண்கள் பாறையிலேயே படிக்கட்டும் என்று இரண்டு நாள் ஒதுக்கினோம். சித்தன்னவாசலில் அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். அவர் பொருட்டு ஒரு நாள். எஞ்சியவற்றுள் ஓய்வுநாள் போக, மதுரைக் குன்றங்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று.

விடப்பட்டவற்றுள் ஐவர்மலை நமக்கு வருத்தம் தந்தது. இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு கி.பி. 870 என நிறுவ உதவிய கல்வெட்டு அங்குதான் உள்ளது; பாண்டியர் காலக் கணக்கிற்கே அஃது ஊன்றுகோல். ஆனால் பழனிப் பக்கம் சென்றுவர ஒரு முழுநாளும் இரவில் ஒரு பகுதியும் வேண்டும். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அதையும் பார்த்துவிடலாமே" என்னும் சொல்லுக்கு நம் நூலில் பெயரே உண்டு. க்ஷேத்திர விருத்தி, அதாவது ஆசையால் எல்லையை விரித்தல்; திசைவிரதத்தின் ஐந்து குற்றங்களுள் ஒன்று. கட்டிய எல்லையை மறந்துவிடுதலும் அவ்வைந்தில் அடங்கும். அதனால்தான் திட்டத்தை எழுதி, எழுவரும் கையொப்பமிட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டோம்.

ஜெர்மனியில் பணிபுரியும் நம் பேரன், பல்கேரியா நாட்டில் இரண்டு வாரம் சுற்றத் திட்டமிட்டிருந்தார். அந்நாடு பரப்பில் தமிழ்நாட்டினும் சற்றுச் சிறியது. அங்கும் ரிலா மலையில், பத்தாம் நூற்றாண்டுத் துறவி இவான் தனிமை நாடி உறைந்த குகை ஒன்று உண்டாம். அவர் பெயரால் எழுந்த பெரிய மடத்தை 1983இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கடல் கடந்து வாழ்பவருக்குத் திசைவிரதம் பொருந்துமா எனப் பேரன் கேட்டார். கடலும் ஆறும் மலையும் நாடும் எல்லைக்குறிகளாகச் சொல்லப்பட்டனவே ஒழிய, இன்ன கடல் என நூல் கூறவில்லை. எங்கு வாழ்கிறோமோ அங்கிருந்தே எல்லையை அளக்கலாம். ரிலாவில் இரண்டு நாள் தங்கும்படி மட்டும் எழுதினோம்.

எல்லை கட்டியபின் காப்பது எளிதன்று. தேசவிரதத்துக்குக் கூறப்பட்ட ஐந்து குற்றங்களை இன்று படிப்போர் வியப்படைவர். எல்லைக்கு அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், ஆளை அனுப்பி வேலை முடித்தல், குரல் கொடுத்து ஏவுதல், தன் உருவைக் காட்டிக் குறிப்புணர்த்தல், கல் முதலியன எறிந்து கவனத்தைத் திருப்புதல். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு வெளியுலகை ஆளும் வழிகள் இவை. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி முதல் நான்கையும் ஒரே விரலால் செய்து முடிக்கிறது! அழகர்மலைக் கற்படுக்கையின் அருகே நின்றுகொண்டு, வந்தவாசியில் நெல் விலையைப் பேசுபவர் உடலால் மட்டுமே யாத்திரையில் இருக்கிறார். கைப்பேசியை அறவே விடுக என நாம் கூறவில்லை; முதியவர் உடன் வரும்போது அது காவல். பகலுண்டி முடிந்தபின் அரைமணி நேரம், உடல்நலச் செய்தி மட்டும் என்று எழுதினோம். இவ்விதிக்குத்தான் எதிர்ப்பு மிகுதி. மாணவரைவிட, நிலபுலன் பார்க்கும் அவர் தந்தையார்தாம் மிகவும் வருந்தினார்.

மற்றொரு செய்தி. திசைவிரதத்தில் எட்டுத் திசையோடு மேலும் கீழும் எல்லைகள் உண்டு. மாங்குளத்து ஏற்றம் செங்குத்தானது. அண்ணியாரை நால்வர் சுமந்து ஏற்றலாம் என ஒருவர் கூற, "என் புண்ணியத்துக்கு இன்னொருவர் தோள் வலிக்க வேண்டா" என்று அவரே மறுத்துவிட்டார். கீழக்குயில்குடிச் செட்டிப்புடவு வரை தம் காலால் ஏறுவது, அதற்குமேல் எங்கும் ஏறுவதில்லை எனத் தமக்கு மேலெல்லை கட்டிக்கொண்டார். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த நிசீதிகைக் கல்வெட்டைப் பலமுறை வணங்கியவர் அவர். நாம் எவ்வளவு எழுதியும் ஏற்காத கருத்தை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டது கண்டு மற்றவர் வாளா இருந்தனர்.

தை மாதத்தில் பயணம். மழை ஓய்ந்து, புல்லும் புழுவும் குறைந்து, பாறை இன்னும் சுடத் தொடங்காத காலம். பொழுது மாலை ஆறேகால் அளவில் சாயுமாதலின் ஐந்து மணிக்குள் மலையிலிருந்து இறங்கி, அரைமணியில் உணவு. ஓட்டுநருக்கும் அதே நேரம், அதே உணவு. முதல் நாள் யானைமலை. மாட்டுத்தாவணியிலிருந்தே அது கண்ணுக்குத் தெரியும். ஐவர்மலைக்கு வேறொரு பக்ஷம் பார்க்க வேண்டும்.