உரித்த கை

அத்தை வீட்டில் பழைய துணி போட்டு வைத்திருக்கும் அட்டைப்பெட்டி, அவர் வேலை செய்யும் இறால் கம்பெனியிலிருந்து வந்தது. வீடு கடலூர் முதுநகருக்குப் பக்கம். பொங்கலுக்குப் போயிருந்தபோது பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். இறாலின் இனம், எடை, தொகுதி எண், ஒரு பார்கோடு.

"என்னாடி அப்புடிப் படிக்கிற?"

"இந்த நம்பர வச்சு, எந்தக் குட்டையில வளந்த இறாலுன்னு அமெரிக்காவுல இருந்துகூடக் கண்டுபிடிச்சிடலாம் அத்தை."

"அப்புடியா" என்றவர், உலை கொதிக்கிறதென்று எழுந்து போய்விட்டார்.

நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உணவை விற்பவர் அதை யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார் என்று காட்ட வேண்டும் என்பது 2005 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். அமெரிக்கா 2018 டிசம்பர் 31 முதல் இறக்குமதியாகும் இறாலுக்கும் இப்படி விவரம் கேட்கிறது: பிடித்தவர் அல்லது வளர்த்தவர் யார், என்ன இனம், எங்கே, எப்போது. இங்கே கடலோரத்தில் பண்ணை வைக்க 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ ஒரு குட்டையில் வளர்ந்த வனாமி, கடல் தாண்டினாலும் தன் ஊரைக் காட்டிக் கொடுக்கும் எண்ணோடுதான் போகிறது.

இதில் எனக்குக் குறையில்லை. ஆன்டிபயாடிக் கலந்த இறால் யார் வயிற்றுக்கும் போகக் கூடாது. என் கேள்வி வேறு. தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் கீறிக் குடல் எடுக்கும் வேலையை ஐஸ் தண்ணீரில் கை விறைக்க நின்றபடி செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'யார்' என்ற கேள்வி அந்த விவரத்தில் இருக்கிறது. ஆனால் அத்தை அந்த 'யார்' அல்ல. ஏன்?

மறந்து விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. இந்தச் சங்கிலி உரிக்கும் கையைக் கணக்கில் வைப்பதில்லை, சரக்குக்குப் பொறுப்பேற்கும் பண்ணையையும் வியாபாரியையும் கம்பெனியையும்தான் வைக்கிறது. பண்ணைக்காரருடையதாக இருந்தது வியாபாரியுடையதாகிறது, பிறகு கம்பெனியுடையதாகிறது. அத்தையின் கையில் இறால் எத்தனை மணி நேரம் இருந்தாலும் அது ஒரு நொடிகூட அவருடையது ஆவதில்லை. சமைத்தவள் பெயர் சொல்லாமல் 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதுமல்ல.

அப்படியென்றால் உரித்தவர் பெயரையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? சாப்பிடும்போது அத்தையிடமே கேட்டேன். சோற்றில் கை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாண்டி. சரக்கு நல்லா இருந்தா எவனும் பேரப் படிக்க மாட்டான். கெட்டுப்போனா முதல் வேலையா என்னத்தான் கூப்புடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. பெயர் தெரிவதை மதிப்பு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் மாணவிகளிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அவருக்கு அது சிக்கல். குற்றம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்காக உண்டாக்கிய பதிவேட்டில் ஒருத்தி பெயரை எழுதினால், அவளைக் கௌரவிக்கிறோமா, கூண்டில் ஏற்றுகிறோமா?

அதற்காகப் பெயரில்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியவில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே, நாகைப் பக்கம், இறால் பண்ணைகளை எதிர்த்துக் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலியைக் கூடுதல் இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் அதில் உண்டு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த ஓராண்டை, நாள்கூலிக்குப் போய் வரும் பெண் எந்தச் சீட்டைக் காட்டி நிரூபிப்பாள்? 2024இல் ஆந்திர இறால் தொழிலாளர்களின் நிலை பற்றி ஓர் அமெரிக்க அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அதற்கும் தொழிலாளர்களிடம் நேரில் பேசத்தான் வேண்டியிருந்தது.

என் அம்மா சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றவர். பிச்சாவரம் பக்கத்து இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் கையால் துழாவிப் பிடிக்கும் இறாலும் அவர் கூடைக்கு வரும். யார் பிடித்தது என்று அம்மாவுக்குத் தெரியும். வாங்கியவர்களுக்கு அம்மாவைத் தெரியும். "நேத்து குடுத்தது நாறிப்போச்சு" என்று மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அம்மாவும் விடமாட்டார், "போன மாசப் பாக்கி என்னாச்சு?" என்பார். கூட்டம் வேடிக்கை பார்க்கும். பின்தொடர்வது அங்கேயும் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் இருந்தது. பழைய மார்க்கெட்டைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பிடித்தவளுக்கு அங்கேயும் கடைசி விலை தெரியாது, அம்மா சொன்னதுமில்லை.

பாத்திரம் கழுவும்போது அத்தை தானாகவே மறுபடி ஆரம்பித்தார்.

"அந்த நம்பரு சொன்னியே, அத நான் போட்டுப் பாத்தா அங்க கிலோ என்னா வெலைக்கு விக்கிறான்னு காட்டுமா?"

"காட்டாது அத்தை."

"அவன் எந்தக் குட்டைன்னு பாக்கலாம், நான் வெலையப் பாக்கக் கூடாதா?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் வெளியே எடுத்து வைத்திருந்த துணிகளை மறுபடி பெட்டிக்குள் அடுக்கினார்.