சொன்னவரே ஆதாரம் தர வேண்டும்



நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஜும்ஆ முடிந்து திரும்பும்போது, பெரியவர் ஒருவர் ஒரு சீசாவை நம்மிடம் காட்டினார். "இந்த எண்ணெயை நாற்பது நாள் குடித்தால் சர்க்கரை நோய் வேரோடு போய்விடுமாம். மாத்திரையை நிறுத்தி விடலாமா, ஹஜ்ரத்?" என்றார். "விற்றவரிடம் ஆதாரம் கேட்டீர்களா?" என்றோம். "'குணமாகாது என்று நீங்கள் நிரூபியுங்கள்' என்கிறாரே!" என்றார்.

தராசு தலைகீழாவது இங்கேதான். வாதிப்பவரே சான்று கொண்டுவர வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நீதி. வெறும் சொல்லுக்கே தீர்ப்புக் கிடைத்தால் பிறருடைய உயிரும் பொருளும் மிஞ்சாது.

அபூமூஸா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மும்முறை அனுமதி கேட்டு, பதில் இல்லாததால் திரும்பினார்கள். காரணம் கேட்டபோது, இது நபிகளாரின் கட்டளை என்றார்கள். உமர் (ரலி) சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் (ரலி) வந்து சாட்சி சொன்னார்கள். நேர்மையில் குறையற்ற தோழரிடமே சாட்சி கேட்கப்பட்டதென்றால், சீசா விற்பவரிடம் கேட்பது எப்படித் தவறாகும்?

1996இல் இராஜபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாகச் சொன்னார். நாடே வியந்தது. அந்த எரிபொருளில் வண்டி ஓடியதை மக்கள் சான்றாகக் கொண்டார்கள். வண்டி ஓடியது அது எரியும் என்பதற்குச் சான்று. மூலிகையிலிருந்து வந்தது என்பதற்கு அல்ல! விஞ்ஞானிகளின் சோதனையில் அவரது கூற்று நிலைக்கவில்லை. 2016இல் சென்னை நீதிமன்றம் மோசடிக்காக 3 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. எண்ணெய் குடித்தவருக்குச் சுகமானது என்றாலும் இதே கேள்விதான்: சுகம் எண்ணெயால் வந்ததா, அவர் கூடவே விழுங்கிய மாத்திரையால் வந்ததா?

"அப்படியானால் முஃஜிஸாக்களை மறுப்பதா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை! பிர்அவ்ன் அத்தாட்சி கேட்டபோது மூஸா (அலை) அவர்கள் கோபிக்கவில்லை; கைத்தடியைப் போட்டுக் காட்டினார்கள். அதற்குக் கூலியும் கேட்கவில்லை. அல்லாஹ்வின் வல்லமையில் நமக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் வியாபாரியின் வாக்கில்தான். உண்மையாளராயின் ஆதாரத்தைக் கொண்டு வரச் சொல்வதே திருமறை காட்டும் வழி.

பெரியவரிடம், "மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைக் கேளுங்கள். துஆவையும் விடாதீர்கள்" என்றோம். அவருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேட்டுத் தெளியும் பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.