ஜன்னல் யாருக்கு?

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் வான் நெல்லே தொழிற்சாலையை 1931-இல் கட்டி முடித்தார்கள். தேயிலை, காபி, புகையிலை மூன்றையும் பக்குவப்படுத்திப் பொட்டலம் கட்டிய இடம். பிரிங்க்மன், வான் டெர் ஃப்ளூக்ட் என்ற கட்டடக் கலைஞர்கள் பாரம் முழுவதையும் உள்ளே நிற்கும் கான்கிரீட் தூண்களின் மேல் இறக்கினார்கள். சுமக்கும் வேலை இல்லாத வெளிச்சுவர் கண்ணாடியானது. கட்டச் சொன்ன நிர்வாகி கேஸ் வான் டெர் லேவ் ஒரு பிரம்மஞானி. நம் சென்னை அடையாறில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். வேலை செய்கிறவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1990-களில் உற்பத்தி நின்றது. கட்டடத்தை இடிக்கவில்லை, வடிவமைப்பாளர்களும் சிறு நிறுவனங்களும் குடிவந்தார்கள். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதக் கண்ணுக்காகத் திறந்த சுவர், அடுத்து வந்த மனிதருக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

இதுபோன்ற மறுவாழ்வு இலங்கையிலும் உண்டு. நுவரெலியா பக்கம் கந்தப்பளையில், பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் ஓட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று விருந்தினர் தூங்குகிறார்கள். பழைய எஞ்சினைக்கூடக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மாடிகளின் வரிசை வரிசையான ஜன்னல்களை முதலில் வைத்தது கொழுந்துக்காக. பறித்த இலை புழுங்கிச் சூடேறினால் கெட்டுவிடும். காற்றில் ஈரம் இறங்கிப் பதமாக வாட வேண்டும். இலைக்குக் காற்று அவ்வளவு அவசியம் என்று தெரிந்தவர்கள், அதைப் பறித்த நம் சனங்களுக்குக் கட்டிக்கொடுத்தவை லயத்துக் காம்பராக்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. முன்னால் ஒரு கதவு. முதுகோடு முதுகாகக் கட்டிய லயங்களில் பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர்தான்; ஜன்னலுக்கு இடமே கிடையாது.

மேகமலை அடிவாரத்துச் சின்னமனூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சேதி இல்லை. மலைக்கு ஏறினால் தேயிலைத் தொழிற்சாலையும் உண்டு, தொழிலாளர் குடியிருப்பும் உண்டு. தொழிற்சாலை என்றாவது நின்றுபோனால் அதற்கு மறுவாழ்வு கிடைக்கலாம். பார்க்க ஆள் வரும், பணம் வரும். மலைநாடுகளில் லயத்துக்கு மறுவாழ்வு பற்றிப் பேச்சு அரிதாகத்தான் எழுகிறது. ஏனென்றால் அதன் முதல் வாழ்வே இன்னும் முடியவில்லை. பேரன் பேத்திகள் அதற்குள் இருக்கிறார்கள்.

மேகமலையிலும் ஒருநாள் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்க யாராவது வரைபடம் போடக்கூடும். குடியிருப்பையும் அதே தாளில் வரையட்டும். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று உள்ளே இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டு வரையட்டும்.