ஐந்தாவது நீதிபதி

முன்னூறு பவுண்டுக்கு மேல் எடை கொண்ட மனிதர் டேவிட் டேவிஸ். 1848 முதல் 1862 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்டாவது வட்டத்துக்கு நீதிபதி. வட்டம் என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வேலை இல்லை. ஒரு காலத்தில் அந்த வட்டத்தில் 14 மாவட்டங்கள் இருந்தன. வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று என்று சேற்றுப் பாதையில் குதிரை வண்டியில் நீதிமன்றமே ஊர் ஊராகப் போகும். கூடவே வக்கீல்களும் போவார்கள். இரவில் சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு பேர் நெருக்கிப் படுப்பார்கள். உடம்பின் புண்ணியத்தில் நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். அந்த வக்கீல் கூட்டத்தில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

வேறு வேலை வந்துவிட்டால் டேவிஸ் சில சமயம் லிங்கனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவதுண்டு. சட்டப்படி சரியா என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும். ஆனால் அந்த இருவர் மீதும் அந்த வட்டாரத்துக்கு நம்பிக்கை இருந்தது. 1860இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியபோது, ஹோட்டல் அறைகளில் பேரம் பேசி, பிரதிநிதிகளை வளைத்து, மூன்றாவது சுற்று வாக்கெடுப்பில் லிங்கனை வேட்பாளராக்கியவர்களில் முதன்மையானவர் டேவிஸ். நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவருக்கு அரசியல் சூது தெரியாது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு அவர் சொத்தை நிர்வகித்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்ததும் டேவிஸ்தான். அதற்குக் கூலி வாங்கவில்லை.

நட்பு ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம் என்பதையும் காட்டினார். உள்நாட்டுப் போரின்போது லாம்ப்டின் மில்லிகன் என்ற இண்டியானா வக்கீலை ராணுவ ஆணையம் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. 1866இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்க முடியாது என்று டேவிஸ் எழுதினார். அந்த ராணுவ விசாரணைகள் லிங்கனின் ஆட்சியில் நடந்தவை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை: அப்போது போர் முடிந்திருந்தது, லிங்கனும் இல்லை. பீரங்கி ஓய்ந்த பிறகு சொல்லும் நியாயமும் நியாயம்தான். அதன் விலை சற்றுக் குறைவு, அவ்வளவே.

முழு விலை கேட்ட நாள் 1877 ஜனவரியில் வந்தது. முந்தைய நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்குகள் உறுதியாகியிருந்தன. வெற்றிக்கு இன்னும் ஒன்று போதும். எதிரணியான குடியரசுக் கட்சியின் ஹேய்ஸிடம் 165. தெற்கே மூன்று மாநிலங்களிலும் ஆரிகனிலுமாக 20 வாக்குகள் தகராறில் கிடந்தன. இதைத் தீர்க்க 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் தலா ஐந்து பேர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஐந்து நீதிபதிகள். நான்கு நீதிபதிகள் கட்சிக்கு இருவராகச் சரிபாதி; அந்த நால்வரும் சேர்ந்து ஐந்தாமவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது டேவிஸ்தான் என்று ஊரறிய எதிர்பார்த்தார்கள். எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாதவர் என்று அவருக்குப் பெயர். ஒரு தேசத்தின் ஆட்சியே ஒரு மனிதனின் மடியில் வந்து விழவிருந்தது.

அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம் அவரை அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது, ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளோடு. டேவிஸ் செனட் பதவியை ஏற்றுக்கொண்டார். ஆணையத்தில் உட்கார மறுத்துவிட்டார். அவர் இடத்துக்கு நீதிபதி ஜோசப் பிராட்லி போனார். ஒவ்வொரு தகராறும் எட்டுக்கு ஏழு என்று ஹேய்ஸ் பக்கம் முடிந்தது.

டேவிஸ் செய்தது முறைதான் என்று வாதாடலாம். ஒரு கட்சியின் தயவில் செனட்டுக்குப் போகிறவர் அந்தக் கட்சியின் வழக்கில் நடுவராக இருந்தால் யார் நம்புவார்கள்? நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலண்டரைப் பார்த்தால் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. மார்ச் முதல் வாரம் வரை அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தார். அதற்குள் ஆணையத்தின் வேலையும் முடிந்துவிட்டது. செனட் பதவியை வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலையில், யாரும் திட்டாத ஒன்றை வைத்துக்கொண்டார்.

அவர் தீர்ப்பு டில்டன் பக்கம் போயிருக்குமா, ஹேய்ஸ் பக்கம் போயிருக்குமா என்ற ஆரூடத்தில் எனக்கு ஆர்வமில்லை. குடியரசுத் தலைவரான ஹேய்ஸ் ஏப்ரலில், தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் அரசு மாளிகைகளைக் காத்துநின்ற மத்திய அரசின் படையை விலக்கினார். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் மீண்ட கறுப்பின மக்கள் கைவிடப்பட்டார்கள். டில்டன் வந்திருந்தால் படை இன்னும் சீக்கிரம் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே டேவிஸ் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கு விடிந்திருக்காது. கெட்டது வேறு ஒன்று: தோற்ற தரப்பு தலைகுனிந்து ஏற்கக்கூடிய ஒரே கையெழுத்து ஆணையத்தின் தீர்ப்புத் தாளில் விழவில்லை.

திட்டெல்லாம் பிராட்லிக்கு. தூற்றினார்கள், மிரட்டினார்கள், விலைபோனவர் என்றார்கள். அதற்காக அவரைத் தியாகி ஆக்கவும் வேண்டாம். கறுப்பின மக்களுக்குப் பொது இடங்களில் சம உரிமை கொடுத்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை 1883இல் செல்லாதென்று எழுதியவர் அவர்தான். பொறுப்பை ஏற்று உட்கார்ந்தவர் நல்லவர், எழுந்துபோனவர் கெட்டவர் என்று இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

டேவிஸ் இல்லினாயில் நிலம் வாங்கிச் சேர்த்துப் பெரும் பணக்காரர் ஆனவர். நல்ல பெயரையும் அவர் நிலம் மாதிரி வாங்கிப்போட்டு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். விற்க மாட்டார், உழவும் மாட்டார். இப்படிப்பட்டவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். எந்தச் சண்டையிலும் பக்கம் சேராதவர்கள் என்பதாலேயே எல்லாரும் அவர்களிடம் போகிறோம். தீர்ப்புச் சொன்ன மறுநாளே பாதிப் பேருக்கு அவர்கள் வேண்டாதவர்கள் ஆகிவிடுவார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் மறப்பதில்லை.

1881இல் செனட்டில் இரு கட்சிகளும் 37க்கு 37 என்று நின்றன. மறுபடி நடுவில் டேவிஸ். குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் கொல்லப்பட்டு, துணைத் தலைவர் ஆர்தர் அந்த இடத்துக்கு உயர்ந்தபோது, செனட்டின் தற்காலிகத் தலைவராக டேவிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். துணைத் தலைவர் இல்லாத அந்த நாட்களில் ஆர்தருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் நாடு அவர் கைக்கு வந்திருக்கும். அந்த நாற்காலிக்காக எந்தக் கட்சிக்கும் கடன்பட மாட்டேன் என்பதே அவர் நிலை. கடன்படாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 1877இல் அவரிடம் எதிர்பார்த்தது அதற்கு மேல் ஒன்று. யாருக்கும் கடன்படாத ஒருவர் ஐந்து வாரம் உட்கார்ந்து, பாதி நாட்டின் வெறுப்பை வாங்கிக்கொண்டு போவாரா என்பதுதான் அது.