தூக்கிப் போகும் வேலி

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கை நெருங்கும்போது வேலிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சுவர், அதன்மேல் முள்கம்பிச் சுருள். புதுத் தாமான்களுக்கு ஒரு காவல் கொட்டகை, ஒரு தடுப்புக் கம்பு. லங்காட் ஆற்றைத் தாண்டிக் கேரித் தீவுக்குள் நுழைந்தால் செம்பனை நிரைகளுக்கு நடுவே வெட்டிய வாய்க்கால்கள். மாட்டைப் பொறுத்தவரை அதுவும் வேலிதான். எல்லாமே மண்ணில் ஊன்றியவை. இந்த இடம் இன்னாருடையது என்று அறிவிப்பதுதான் அவற்றின் முதல் வேலை.

எனக்கு ஈடுபாடு வேறொரு வேலிமேல். மனிதன் தோளிலோ வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போகிற வேலி.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குதிரையோடு பயணம் போகிறவர்கள், குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியின் வெளிப்பக்கத்தில் இரும்புக் குழாய்ச் சட்டங்களைத் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு அடி நீளம். பாரம் இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் வண்டி சாயும். கதவை மறைக்கக் கூடாது, விளக்கை மறைக்கக் கூடாது. இரும்போடு இரும்பு உரசினால் உள்ளே நிற்கும் குதிரை வழியெல்லாம் மிரளும் என்று இடையில் ரப்பர் வைப்பார்கள். இறங்கிய இடத்தில் சட்டங்களை வட்டமாக நிறுத்தி, இணைப்புக்கு இணைப்பு ஆணி கோத்தால் அன்றைய ராத்திரிக்குப் பட்டி தயார்.

ஆனால் அந்த வட்டம் பெரும்பாலும் நிலத்தில் நடப்படுவதில்லை, சும்மா நிற்கிறது. அரை டன் எடையுள்ள குதிரை ஒன்று வெருண்டு பாய்ந்தால் அத்தனை சட்டத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதைக் கட்டுகிறவருக்கும் இது தெரியும். அதனால்தான் குதிரையை முதலில் வீட்டிலேயே சில நாள் அந்த வளையத்துக்குள் நிற்கவைத்துப் பழக்குகிறார்கள். உள்ளே புல், தண்ணீர், கூடவே பழகிய இன்னொரு குதிரை. இவ்வளவும் இருந்தால்தான் அந்த இரும்பு வேலியாகிறது.

தமிழ்நாட்டில் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு சம்பா அறுவடை முடிந்த கையோடு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு வருவார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம் என்பதால், தண்ணீர் வந்து உழவு தொடங்குவதற்குள் அவர்கள் கிளம்பியாக வேண்டும். சாயங்காலம் வயலில் குச்சிகளை ஊன்றுவார்கள். முன்பு மூங்கில் படல் கட்டினார்கள், இப்போது நைலான் வலை. குட்டிகளைத் தனியே கொடாப்புக் கூடை போட்டுக் கவிழ்ப்பார்கள். ஆடுகள் உள்ளே படுக்கும், நாயும் மனிதனும் வெளியே படுப்பார்கள். விடிந்ததும் வலையைச் சுருட்டி, மறுநாள் ராத்திரி பக்கத்துத் துண்டில் விரிப்பார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழும். எருவை வண்டியில் கொண்டுவந்து கொட்டினால் மூத்திரத்தின் சத்து கிடைக்காது. இப்படி மந்தையை வயலில் படுக்கவைத்துக் கிடை போட்டால் கிடைக்கும். அதற்காகத்தான் நிலக்காரர் ராத்திரிக் கணக்கில் நெல்லோ பணமோ கொடுக்கிறார்.

அந்த வலையைத் தாண்ட முடியாத ஆடு கிடையில் ஒன்றுகூட இருக்காது.

மின்வேலிக் கதை ஒன்றும் ஒரு குதிரையில்தான் தொடங்குகிறது. 1930-களில் நியூசிலாந்தில் பில் கல்லாகர் என்ற விவசாயியின் காரில் அவருடைய குதிரை உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்த மனிதர் காரில் மின்சாரத்தை இணைத்துவிட்டார். குதிரை அதற்குப் பிறகு கார் பக்கம் வரவில்லை. அதிலிருந்து வளர்ந்தது ஒரு பெரிய மின்வேலி நிறுவனம். மலேசியச் செம்பனைக் காட்டில் மாடு மேய்க்கிறவர்களில் சிலரும் இன்று அந்த முறையைக் கையாள்கிறார்கள். ஒரு பேட்டரி, சோலார் தகடு, கையால் குத்தி நிறுத்தும் குச்சிகள், சுருளிலிருந்து பிரிக்கும் மெல்லிய கம்பி. ஒரு பாத்தியில் கீழ்ப்புல் தீர்ந்ததும் கம்பியைச் சுருட்டி அடுத்த பாத்திக்கு நகர்த்துகிறார்கள். கன்று மரங்கள் இருக்கும் பக்கம் மட்டும் போகக் கூடாது. ஓலை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் மாடு அதைத் தின்றுவிடும். மரம் வளர்ந்தபின் பிரச்சினையில்லை, தோட்டத்துக்குக் களைக்கொல்லிச் செலவு குறையும்.

கம்பியில் வினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. மூக்கில் பட்டால் சுரீர் என்று இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. பழகிய மாடு இரண்டாவது முறை தொட்டுப் பார்ப்பது அபூர்வம். பேட்டரி செத்துப்போன ராத்திரியிலும் பல மாடுகள் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே படுத்திருக்கும். வெளியே போகிற மாடும் உண்டு, பசித்த மாடு. உள்ளே புல் இல்லாவிட்டால் எந்த வோல்ட்டும் அதை நிறுத்தாது.

ஆக, தூக்கிப் போகும் வேலி பலத்தால் நிற்பதில்லை. இரண்டு சம்மதத்தால் நிற்கிறது. முதலாவது உள்ளே இருக்கும் பிராணியின் சம்மதம். தீனியும் தண்ணீரும் பழக்கமும் கொடுத்து அதை மேய்ப்பவரே சம்பாதித்துக்கொள்ளலாம். இரண்டாவது, கால் வைக்கும் நிலத்துக்காரரின் சம்மதம். அது மேய்ப்பவர் கையில் இல்லை. கீதாரிக்கு அது கிடைக்கிறது, கூலியோடு கிடைக்கிறது. ஆடு விட்டுப்போவது நிலக்காரருக்குத் தேவை என்பதால்.

நம் தோட்டத்து மாட்டுக்காரருக்கு நடந்தது வேறு. மலாயாவுக்கு வந்த தமிழர்கள் மாட்டை மறக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளின் வழிவந்ததை இன்றும் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை இனம் என்று தனியாகக் குறிக்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் கொட்டகை, விடியலில் கறவை, சைக்கிளில் பால். பால்மரம் வெட்டுப்பட்டுச் செம்பனை வந்தது, செம்பனை வெட்டுப்பட்டுத் தாமானும் தொழிற்சாலையும் வந்தன. வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர்களுக்கு நஷ்டஈட்டுப் பேச்சில் மாடு கடைசியில்தான் வந்தது, சில இடங்களில் வரவேயில்லை. எத்தனையோ குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக மேய்த்த இடத்தில் அத்துமீறியவர்களாக நின்றன. மாடு அதே மாடு. மாறியது பத்திரத்தில் இருந்த பெயர்.

இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். நாடு தின்னும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி உறைய வைத்துக் கப்பலில் வருகிறது, அதில் இந்திய எருமைக்குப் பெரிய பங்கு. செம்பனைக்கு அடியில் புல் இருக்கிறது, மேய்க்கத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. நகர்த்திப் போகும் வேலிக்குப் பட்டா தேவையுமில்லை. தேவை, எத்தனை மாடு, எந்தப் பாத்தி, எத்தனை வருடம், கன்றுமரத்தைத் தின்றால் யார் என்ன கொடுப்பது என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். கேரித் தீவுப் பக்கம் மட்டுமல்ல, தோட்டத்தில் இன்று மாடு வைத்திருக்கும் எவரும் வாய்வார்த்தையை நம்பி இருக்க வேண்டாம். எழுதி வாங்குங்கள், மானேஜர் மாறுவதற்குள்.