முதியோர் பணியும் தாதியர் பயிற்சியும்

மூத்தோரைப் பேணுவது எவ்வாறென்று நம்மவர்க்குப் பாடம் சொல்லவும் வேண்டுமோ என வினவுவோர் உண்டு. பெற்றோரைத் தெய்வமெனக் கொண்டாடும் வழக்கம் நம்மிடையே இருப்பது மெய்யே. ஆயினும் கொண்டாடுவது வேறு. நோயுற்ற முதியவரை நாள்தோறும் எழுப்பி, நீராட்டி, உண்பித்து உடன் நிற்பது வேறு. பின்னது கற்றே வரவேண்டிய தொழில். அதனைக் கற்கவரும் இளந்தாதியர்க்கு முதன்முதல் எதைப் புகட்டுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் வினா.

இரக்கத்தைப் புகட்டுக என்பர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரக்கம் பெரும்பாலும் அவர்களிடம் முன்னரே இருக்கிறது; சில வேளைகளில் தீங்கிழைப்பதும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, முப்பதாண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருத்தி, பக்கவாதத்தால் இடக்கை தளர்ந்து ஆஸ்பத்திரியிற் கிடக்கிறாள் எனக் கொள்வோம். தலைவாரிக் கொண்டையிட அவளுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். பயிற்சித் தாதியோ சீப்பை வாங்கி இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவாள். சோறும் அவ்வாறே, ஊட்டிவிட்டால் தட்டு விரைவிற் காலியாகும். காண்போர், 'என்ன அன்பு!' என வியப்பர். ஆனால் நாள்தோறும் இங்ஙனம் நடக்குமாயின், எஞ்சியிருந்த சிறு வல்லமையும் பழக்கமின்றிக் குன்றிவிடும். பிறர்க்குப் பாரமாதலையே பெரிதும் அஞ்சிய அவள், பாரமாகவே வீடு திரும்புவாள்.

முதுமைக்குப் படுக்கையே புகல் என்னும் எண்ணம் நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 1935-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியர், அருகிலிருந்த ஏழையர் விடுதி நோயாளர் 700-க்கு மேற்பட்டோரின் பொறுப்பை ஏற்றார். நெடுநாள் படுத்தே கிடந்தோரை ஒவ்வொருவராகச் சோதித்து, எழுப்பி நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். இத்தகையோரைப் பொது ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கவேண்டும், வைத்திய மாணவரும் தாதியரும் அவர்களிடம் பயிலவேண்டும் என்று 1943-இல் அவர் எழுதி வாதாடினார். 2007-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றோ, நோயற்ற முதியோரும் 10 நாள் படுக்கையிலிருந்தால் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழப்பரெனக் காட்டிற்று.

இதனால், தாதி கைகட்டி நிற்கவேண்டும் என்கிறோமா? இல்லை. புரளவியலாதவரைப் புரட்டாதிருத்தல் கொடுமை. படுக்கைப்புண்ணைத் தடுப்பது பூசும் மருந்துகளன்று, வேளைதவறாது புரட்டிப் படுக்கவைத்தலே என்பதை டோரீன் நார்ட்டன் என்னும் தாதி 1962-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கியது. எங்கே செய்வது, எங்கே பொறுத்து நிற்பது என்று பகுத்தறிவதே கடினம். செய்துமுடித்த வேலைக்கு மதிப்பெண் இடுவது ஆசிரியர்க்கு எளிது. சீப்பை வாங்காமல் அருகிருந்த கால்மணி நேரத்துக்கும் மதிப்பெண் இடுதல்வேண்டும்.

'வார்டில் அதற்கு நேரமேது? கிழவி விழுந்தால் பழி யார் தலையில்?' என்று தாதியர் கேட்பது நியாயமே. ஆள் தராத நிர்வாகம் பொறுமையை மட்டும் போதிப்பது வெறும் பாசாங்கு. விழுவாளென்னும் அச்சத்தைப் பற்றியோ, நாம் ஒன்று கேட்போம்: அவளை ஒரு வார்த்தை வினவாமல் கட்டிலின் கம்பியை உயர்த்திவிடுகிறோமே, அதனால் தணிவது யாருடைய அச்சம்? மழையில் வழுக்கும் மேட்டில் வாளி சுமந்து இறங்கியவளுக்குத் தன் காலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமிராதா?

வினவுவதற்கு மொழி வேண்டும். 'பாட்டி' என்றழைத்துவிட்டு, 'எழுந்திரு, வாயைத் திற' என்று பிள்ளையிடம் பேசுவதுபோற் பேசுவது மரியாதையாகாது. வீட்டிற் பேரன் ஒருமையிற் பேசுவது அவள் கொடுத்த உரிமை. தாதிக்கு அதனை அவள் இன்னும் கொடுக்கவில்லை. தமிழறியாத மாணவியர்க்கு நீண்ட பாடம் வேண்டா. 'வலிக்கிறதா? நீங்களே செய்கிறீர்களா? நான் காத்திருக்கிறேன்' என்னும் இம்மூன்றையும் மலாய்ப் பெண்ணாயினும் சீனப் பெண்ணாயினும் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்வாள்.