மாவிட்டபுரத்து வாசல்

அரசிடம் சமமதிப்புக் கேட்கும் சமூகம் தன்னைச் சேர்ந்த சிலருக்கே அதை மறுக்கலாமா? 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது. பஞ்சமர் எனப்பட்ட சாதியினர், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் துணையோடு, உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டுத் திரண்டார்கள். வழிமறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம்.

கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1948இல் மலையகத் தமிழரைப் பாதித்த குடியுரிமைச் சட்டமூலத்தில் அரசோடு முரண்பட்டு அமைச்சர் பதவியை இழந்தவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். பெரும்பான்மைச் சமூகம் தமிழரைச் சமமாக மதிக்கவில்லை என்ற அவரது முறைப்பாடு நியாயமானது. அந்த நியாயம் கோயில் வாசலுக்கும் பொருந்தும் என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை.

ஆகம மரபைக் காப்பது தங்கள் உரிமை என்றது எதிர்த்தரப்பு. மரபைப் பேணும் உரிமை சிறியதன்று. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதே முருகனைக் கும்பிடும் சைவர்கள். அவர்களுக்கும் சொந்தமான மரபுக்கு அவர்களைக் கேளாமலே எல்லை வகுக்க எவருக்கு உரிமை? சாதியின் பேரால் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் குற்றமாக்கியிருந்தது.

தமிழர் ஒற்றுமை குலையும், பிறகு பார்க்கலாம் என்பது இன்னொரு வாதம். நெருக்கடியில் இருந்த சமூகத்துக்கு அந்த அச்சம் இயல்பானது. எனினும் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? தேநீர்க்கடையில் மற்றவர்களுக்குப் பேணி, பஞ்சமருக்குப் போத்தல். ஊர்க்கிணற்றில் அள்ள முடியாமல், யாராவது வந்து வார்க்கும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். அந்த ஒற்றுமையில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு இவ்வளவுதான்.

மதிப்பு மறுக்கப்பட்ட மனிதர் தம்மைத் தாமே தாழ்வாகக் காணத் தொடங்குகிறார் என்று 1992இல் வெளிவந்த கட்டுரையில் மெய்யியலாளர் சார்ல்ஸ் டெய்லர் விளக்கினார். மதிப்போடு வளமும் பகிரப்படாவிட்டால் நீதி முழுமையாகாது என்பது இன்னொரு மெய்யியலாளரான நான்சி ஃபிரேசரின் வாதம். யாழ்ப்பாணத்து அனுபவம் ஃபிரேசரின் பக்கமே சாய்கிறது. பல கோயில்கள் திறந்தன, காணி கைமாறவில்லை. 1990இல் போரினால், மாவிட்டபுரத்தை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணியோ வெளிநாட்டுப் பணமோ உள்ளவர்கள் முகாம்களை விட்டு வெளியேறினார்கள். நெடுங்காலம் அங்கே தங்கிப்போனவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, பிறர் காணியில் குடியிருந்த குடும்பங்கள். இராணுவம் தன் பிடியில் வைத்திருந்த காணிகளை விடுவித்தபோது காணி உறுதி வைத்திருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். உறுதியே இல்லாதவர்களுக்கு விடுவிப்பால் எதுவும் மீளவில்லை. குடியிருக்க ஒரு துண்டு நிலம் என்பதை அவர்கள் தனிக் கோரிக்கையாகவே வைக்க வேண்டியிருந்தது.